உணவுக்கு உதவாது

விமானத்தின் வயிற்றிலிருந்து பேரீச்சம்பழப் பெட்டிகள் இறங்கிய பிறகு எழில்மொழி இறக்கப்பட்டாள். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

சரக்கு இறக்கும் ஆள் வேலைக்குப் புதியவன். நீளமான பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த நீலச் சீட்டைப் படித்தான். கெடக்கூடியது, குளிரில் வைக்கவும் என்று இருந்தது. கூடவே ஒரு பனிப்பூப் படம். எதிரே ஒரு கட்டடத்தின் நெற்றியிலும் அதே நீலத்தில் அதே பனிப்பூ. படிக்கத் தெரிந்த எவனும் செய்வதை அவன் செய்தான். தள்ளுவண்டியை அந்தப் பக்கம் திருப்பினான். காவலாளி டீ குடிக்கப் போயிருந்தார். குளிரறையின் கதவு பூட்டியிருக்கவில்லை. அதை யாராவது திறக்கக்கூடும் என்று எவருக்கும் தோன்றியதில்லை.

அப்படித்தான், குத்தாலத்துக்குப் பக்கத்தில் பிறந்து, செவிலியர் படிப்பு முடித்து, வளைகுடாவில் ஒரு மருத்துவமனை வார்டில் நின்றபடியே சரிந்து விழுந்த எழில்மொழி, காவிரிப் படுகை வேளாண் விளைபொருள் பன்னாட்டு வான்வழிக் குளிர்த்தொடர் வாரியத்தின் அறைக்குள் போன முதல் பொருள் ஆனாள்.

வாரியத்தை மக்கள் சுருக்கமாகக் குளிர் வாரியம் என்பார்கள். டெல்டாவின் வெண்டைக்காயும் வெற்றிலையும் இறாலும் வாடாமல் வதங்காமல் அயல்நாட்டுச் சந்தைக்குப் பறக்கவேண்டும் என்பதற்காக அதைத் தொடங்கியிருந்தார்கள். அறை எப்போதும் நான்கு டிகிரியில் இருக்கவேண்டும் என்பது விதி. சரக்கை உள்ளே வைக்கக் கதவைத் திறந்தால் வெயில் புகுந்து ஐந்தாகிவிடுகிறது. ஆகவே சரக்கை உள்ளே வைப்பதில்லை என்று முதல் கூட்டத்திலேயே முடிவானது. வெண்டைக்காயும் வெற்றிலையும் இறாலும் வெளியே தகரக் கொட்டகையில் காத்திருந்தன. அறை மட்டும் காலியாக, நான்கிலேயே நின்றது. குளிர் மாறாமல் பராமரித்ததற்காக வாரியத்துக்கு ஒரு விருதுகூடக் கிடைத்தது.

எழில்மொழியின் கணவன் அன்பரசன் காலையிலேயே வண்டியோடு வந்துவிட்டான். பாபநாசத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் கணக்கு சொல்லிக்கொடுப்பவன். கல்யாணம் ஆகி அதிக காலம் ஆகவில்லை. சாதாரண சரக்குக் கொட்டகையில், “உங்க பெட்டி இங்க இல்லீங்க, குளிர் வாரியத்துல இருக்கு” என்றார்கள். குளிர் வாரியத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது மாமனார் முருகையன் போனில் கூப்பிட்டார்.

“மாப்பிள்ளை, மதகு பாக்குற லஸ்கர் தலைப்பு மதகைத் தூக்கிட்டான். பொழுது சாயறதுக்குள்ள நம்ம வாய்க்காலுக்குத் தண்ணி வந்துரும். அதுக்குள்ள எம் புள்ளையக் கொண்டாந்துருங்க.”

“வந்துர்றேன் மாமா.”

ஊர்ச் சுடுகாட்டுக்குத் தார்ச்சாலை உண்டு, பாலம் உண்டு. காலனிச் சுடுகாட்டுக்குப் போக வாய்க்காலில் இறங்கி மறுகரை ஏறவேண்டும். மேட்டூர் மூடியிருக்கும் மாதங்களில் செத்தால் தூக்குகிறவர்களுக்குக் கால் நனையாது. தண்ணீர் வந்துவிட்டால் மார்பளவு. பாலம் கேட்டு மனு எழுதியவர்கள் ஒவ்வொருவராக அந்தத் தண்ணீர் வழியாகத்தான் அக்கரை போனார்கள்.

வாரியத்தின் துணை இயக்குநர் குணசேகரன் ஸ்வெட்டர் போட்டிருந்தார். ஆனி மாதம். அவருடைய அறையில் மின்விசிறி மட்டும்தான் இருந்தது. ஸ்வெட்டர் பதவியோடு வருவது.

“உக்காருங்க மிஸ்டர் அன்பரசன். பொருள் உங்களுதா?”

“என் மனைவி சார்.”

“அது உறவு. நான் கேட்டது உரிமை.” கணினியைப் பார்த்தார். “உள்ள போயிருக்கு. உள்ள போனா உணவு. உணவு இல்லாதது உள்ள போக முடியாது. அதனால இது உணவு. நான் சொல்றது புரியுதுங்களா?”

“தப்பா வச்சிட்டாங்க சார். வெளிய எடுத்துக் குடுத்துட்டீங்கன்னா நான் போயிடுவேன்.”

“எடுக்கலாமே. எடுக்கறதுக்குத்தான் வாரியம் இருக்கு. உணவு வெளிய போறதுக்குச் சில கேள்வி இருக்கு, அவ்வளவுதான். விளைஞ்ச இடம்?”

அன்பரசன் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தான்.

“சொல்லுங்க. எங்க விளைஞ்சது?”

“குத்தாலம் பக்கம்.”

குணசேகரனின் முகம் மலர்ந்தது. “அட, நம்ம டெல்டா! அப்ப ஏற்றுமதி ஆகித் திரும்பி வந்திருக்கு. ஏன் திருப்பி அனுப்பினாங்க? தரக் குறைவா?”

“இறந்துட்டா சார்.”

“அதைக் குறையா சொல்லாதீங்க. இறந்ததைத்தான் நாங்க உள்ளயே விடுவோம். உயிரோட வந்திருந்தா கால்நடைத் துறைக்குப் போயிருக்கும், அங்க உங்கள அலைய விட்டிருப்பாங்க.” தட்டச்சு செய்தார். “சைவமா, அசைவமா?”

அன்பரசன் ஜன்னலைப் பார்த்தான். கணக்கில் ஒரு முறை உண்டு. முதல் வரியில் ஒரு தப்பை உண்மை என்று வைத்துக்கொண்டால் கடைசி வரியில் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம். அதை மாணவர்களுக்கு ஒரு வேடிக்கையாகச் சொல்லிக்கொடுத்திருந்தான். மாணவர்கள் சிரிப்பார்கள்.

“வெள்ளிக்கிழமை மட்டும் சைவம்” என்றான்.

“அப்ப அசைவம்” என்று குணசேகரன் பதிந்துகொண்டார். “அசைவம்னா மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பணும். கையளவு போதும்.”

அன்பரசன் எழுந்துவிட்டான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கதவருகே யாரோ அவன் தோளைப் பிடித்தார்கள்.

“சார், ஒரு வார்த்தை” என்றது ஒரு குரல், குணசேகரனிடம். “அந்தப் பெட்டி உள்ள துத்தநாகத் தகடு வச்சு ஈயம் பூசி அடைச்சிருக்கும். நீங்க மாதிரிக்காக உடைச்சீங்கன்னா குளிர்த்தொடர் அறுந்துரும். அப்புறம் உங்க இஷ்டம்.”

குணசேகரன் வெளுத்தார். “தொடர் அறக்கூடாது. அது மட்டும் கூடாது. மாதிரி வேணாம், கண்பார்வை ஆய்வே போதும். நான் போய் வெளிலேருந்து பாக்கறேன்.”

அவர் எழுந்து போனார். தோளைப் பிடித்தவர் ராஜகிரி சமீர். வெற்றிலைக் கூடைகளோடு கொட்டகையில் காத்திருக்கும் வியாபாரி. அவர் முகத்தில், பல காலம் பல வரிசைகளில் நின்றவர்களுக்கு வந்துவிடும் ஒருவகை நிம்மதி இருந்தது.

“உக்காருங்க தம்பி. கோவப்பட்டா அதுக்கும் ஒரு நம்பர் போட்டுருவாங்க.”

“நன்றி பாய்.”

“எதுக்கு நன்றி? துபாய்ல, ஷார்ஜாவுல நம்ம ஆளுங்க கொழுந்து வெத்தலைக்குத் தவம் கிடக்குறாங்க. நான் காலம்பறப் பறிச்சு ஈரச்சாக்கு சுத்திக் கொண்டாறேன். அந்த ரூம்ல ஒரு மூலையில வச்சுக்கிறேன் சார்ங்கிறேன். கதவைத் திறந்தா குளிர் போயிடுங்கிறார். சரி, எப்ப விமானத்துல ஏத்துவீங்கன்னா, குளிர்ல வச்சிருந்த சரக்கைத்தான் ஏத்துவோம்ங்கிறார்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, மத்தியானத்துல வாடிரும். வாடினதும் ‘உணவுக்கு உதவாது, எடுத்துட்டுப் போ’ன்னு சீல் குத்திக் குடுப்பாங்க. இந்த வாரியத்துல கேட்டவுடனே கிடைக்கிற சீல் அது ஒண்ணுதான். கழிச்ச சரக்குன்னா ஒரு நிமிஷம் வச்சிருக்க மாட்டாங்க. பின்வாசலைத் திறந்து, தள்ளிவிட்டு, கையைக் கழுவிருவாங்க.” சமீர் கொட்டாவி விட்டார். “உள்ள போறதுக்குத்தான் தம்பி இங்க வழி இல்ல. வெளிய போறதுக்கு உண்டு. சரக்கு கெட்டிருக்கணும், அவ்வளவுதான்.”

போன் அடித்தது. முருகையன்.

“தண்ணி சாலையோர மதகைத் தாண்டிருச்சு மாப்பிள்ளை. சொந்தம் பூரா வந்து உக்காந்திருக்கு. எங்க இருக்கீங்க?”

“ஆபீஸ்ல மாமா. கையெழுத்து ஆகிட்டிருக்கு.”

“எந்த ஆபீஸு?”

அன்பரசன் போனை வைத்தான்.

குணசேகரன் ஓடி வந்தார். ஸ்வெட்டர் வியர்வையில் நனைந்திருந்தது. அவர் கையில், எழில்மொழியின் பெட்டியோடு வந்த சின்னக் கருவி கணினிக்கு அனுப்பிய வரைபடம் இருந்தது. அங்கே பிணவறையிலிருந்து இங்கே அறை வரைக்கும், வழி நெடுகக் குளிரைக் குறித்த கோடு. கோடு நேராக இருந்தது.

“மிஸ்டர் அன்பரசன், ஒரு வளைவு இல்லை! ஒரு நெளிவு இல்லை! எங்க வாரியத்தோட சரித்திரத்துலயே முதல் முழுமையான குளிர்த்தொடர் உங்க பொருள்தான்! தலைவர் நேர்ல வரார்!”

“அப்ப எடுத்துட்டுப் போகலாமா சார்?”

“என்ன இப்படிக் கேக்கறீங்க? இன்னிக்கு வெளிநாட்டுக் கொள்முதல் குழு வருது. காலி ரூமைக் காட்டி, பாருங்க எவ்வளவு குளிருன்னு சொல்றதா இருந்தோம். இப்ப உள்ள ஒரு பொருளே இருக்கு! குழு நாளை மறுநாள் வரைக்கும் இங்கதான். அதுவரைக்கும் அங்கயே இருக்கட்டும். உங்களுக்குப் பெருமைதானே?”

கொட்டகையில் வரிசையாக நாற்காலி போட்டார்கள். வாடிக்கொண்டிருந்த வெண்டைக்காய்ச் சாக்குகளையும் உருகி வடிந்த இறால் பெட்டிகளையும் ஒரு சாமியானாத் துணியால் மூடினார்கள். நாற்றத்துக்கு ஊதுபத்தி ஏற்றினார்கள். ஊதுபத்தி வாசனையில் அன்பரசனுக்கு ஒரு கணம் வீட்டு வாசலில் நிற்பதுபோல இருந்தது. பிறகு ஒலிபெருக்கி கரகரத்தது.

வாரியத் தலைவர் வீரையன் பருத்த மனிதர். பேசுவதற்குமுன் குளிரறைக் கதவுக்கு மேலே ஒளிர்ந்த ‘4’ என்ற எண்ணைப் பார்த்துக் கும்பிட்டார்.

“இந்த வாரியம் விவசாயிக்கு என்ன செய்தது என்று சிலர் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்கிறேன். எங்கள் அறைக்குள் ஒரே ஒரு வெண்டைக்காய் கெட்டதுண்டா? கிடையாது! ஒரே ஒரு இறால் நாறியதுண்டா? கிடையாது! வெளியே ஆயிரம் கெடும். வெளி எங்கள் பொறுப்பல்ல. எங்கள் பொறுப்பு குளிர். குளிரை நாங்கள் விவசாயியிடமிருந்துகூடக் காப்பாற்றியிருக்கிறோம்!”

கைதட்டல். சமீரும் தட்டினார். தட்டாதவர்களின் பெயரை ஒருவர் குறித்துக்கொண்டிருந்தார்.

“இன்று எங்கள் உழைப்புக்குப் பலன் கிடைத்திருக்கிறது. டெல்டா மண்ணில் விளைந்து, கடல் கடந்து போய், அங்கே முழுப் பயன்பாட்டுக்கும் வந்து, எஞ்சியது கடுகளவும் குளிர் குன்றாமல் நமக்கே திரும்பியிருக்கிறது. இந்த மண்ணிலிருந்து எத்தனையோ பிள்ளைகள்… எத்தனையோ பொருள்கள் போகின்றன. எல்லாம் இப்படித் திரும்பவேண்டும் என்பதே என் கனவு!”

கொள்முதல் குழுவில் கோட்டு போட்ட ஒருவர், உள்ளே இருப்பது என்ன பொருள் என்று கேட்டார். வீரையன் குணசேகரனைப் பார்த்தார். குணசேகரன் கணினிச் சீட்டைப் பார்த்தார்.

“அசைவம் சார். குத்தாலம் ரகம்.”

கோட்டு போட்டவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். தொடர்ந்து கிடைக்குமா என்று கேட்டார்.

“எவ்வளவு வேணும்னாலும் அனுப்புவோம்” என்றார் வீரையன். “எங்க பக்கம் இதுக்குப் பஞ்சமே இல்ல.”

அன்பரசனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். முதல் பயனாளி என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினார்கள். அவன் நின்றான். கையைக் குவிக்கச் சொன்னார்கள், குவித்தான். சட்டைப் பையில் போன் துடித்து அடங்கியது. மறுபடி துடித்தது.

“ஒரு போட்டோ” என்றார் புகைப்படக்காரர். “கதவைத் தொறந்த மாதிரி ஒண்ணு வேணும் சார். உள்ள பெட்டி தெரியணும்.”

குணசேகரன் தவித்தார். வீரையன் கோட்டுக்காரர்களைப் பார்த்துவிட்டு, “ஒரு மூச்சு விடற நேரம்” என்று அனுமதித்தார்.

அன்பரசன் கைப்பிடியைத் திருகிக் கதவை இழுத்தான். வெண்புகை தரையோடு ஊர்ந்து வந்தது. அவ்வளவு பெரிய அறை. நடுவில் அந்தப் பெட்டி மட்டும். பெட்டியின் மேல் யாரோ வாரியத்தின் கொடியைப் போர்த்தியிருந்தார்கள்.

படம் எடுத்தாயிற்று.

“சாத்திடுங்க” என்றார் குணசேகரன்.

அன்பரசன் சாத்தவில்லை. கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான்.

“மிஸ்டர் அன்பரசன், கதவு.”

“தெரியுது சார்.”

எண் ஐந்தானது. வீரையன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆறானபோது குணசேகரன் கதவைப் பிடித்துத் தள்ளினார். அன்பரசன் நகரவில்லை. கோபமாக இருப்பவனைத் தள்ளலாம். அவன் ஒன்றுமாகவும் இல்லை, அதனால் கனமாக இருந்தான்.

“செக்யூரிட்டி!”

காவலாளி ஓடி வந்தார். அவர் வருவதற்குள் கூடைகள் ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று வாசற்படியின் குறுக்கே வந்து நின்று, சரியாக அங்கே ஒரு சக்கரம் கழன்றது.

“அடடா” என்றார் சமீர். “வெத்தலையக் கடைசியா ஒருக்கா உள்ள வச்சுப் பாக்கலாம்னு வந்தேன் சார். இந்த வண்டி எப்பவும் இப்படித்தான்.”

“எடுய்யா வண்டிய!”

“எடுக்கிறேன், எடுக்கிறேன். கூடையை மிதிக்காதீங்க, உணவு அது.”

எட்டு. ஒன்பது. எண் பத்தைத் தொட்டதும் கூரையில் மணி அலறியது. வீரையன் காதைப் பொத்திக்கொண்டு கொள்முதல் குழுவைத் திருப்பி அழைத்துப் போனார். போகும்போது, “அது எங்க வாரியத்துப் பொருள் இல்ல, தனியார்” என்று அவர் சொன்னது கேட்டது.

தொடர் அறுந்துவிட்டது. சமீர் சொன்னபடியே, அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. இரண்டு பேர் வாயில் துணி கட்டிக்கொண்டு பெட்டியை வெளியே தள்ளினார்கள். கொடியை எடுத்து மடித்தார்கள். குணசேகரன் ஒரு தாளை நீட்டினார். மேற்படி பொருள் உணவுக்கு உதவாது என்பதை உரிமையாளர் முழு மனதுடன் ஒப்புக்கொள்கிறார் என்று அதில் இருந்தது.

அன்பரசன் பேனாவை வாங்கினான். அந்த வரியில் பொய் ஏதும் இல்லை. காலையிலிருந்து அங்கே அவன் கேட்டவற்றில் அது ஒன்றுதான் உண்மை. கையெழுத்துப் போட்டான்.

“பொன்னாடையக் குடுத்துருங்க” என்றார் குணசேகரன். அவர் கண் கலங்கியிருந்தது. “அது கெடாத சரக்குக்கு. என்ன ஒரு கோடு! உங்களுக்கு எங்க மேல என்ன கோவம்? நாங்க என்ன பாவம் பண்ணோம்?”

“போகலாமா சார்?”

“போங்க. ஆனா கழிச்ச உணவை அன்னிக்கே அழிச்சாகணும். இல்லன்னா மறுபடி சந்தைக்கு வந்துரும். அழிக்கிறதை அதிகாரி நேர்ல பாக்கணும். நான் பின்னாடியே ஜீப்புல வரேன்.”

வண்டியில் பெட்டிக்குப் பக்கத்தில் சமீர் ஏறி உட்கார்ந்தார். கூடைகளைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டார்.

“பாபநாசத்துல இறங்கிக்கிறேன் தம்பி.”

பாபநாசம் வந்தது. அவர் இறங்கவில்லை. கும்பகோணத்தையும் தாண்டி, குத்தாலத்துக்கு முன்னால் வண்டி கிளைச்சாலையில் திரும்பியது.

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டிருந்தது. வருடத்தின் முதல் தண்ணீர், கலங்கலாக, காய்ந்த சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு கரைக்குக் கரை ஓடியது. முருகையன் இடுப்பு வேட்டியை வரிந்து கட்டி, ஒரு மூங்கில் கழியால் ஆழம் பார்த்துக்கொண்டிருந்தார். மகளின் பெட்டியைப் பார்த்ததும் கழியைக் கீழே வைத்துவிட்டு, மூடியின் மேல் இரண்டு கையையும் பரப்பி வைத்து நின்றார். பெண்கள் அழுது முடிக்கும்வரை எவரும் எதையும் அவசரப்படுத்தவில்லை.

ஜீப்பிலிருந்து குணசேகரன் இறங்கி வந்தார்.

“பாலம் எங்க?”

“அதைத்தாங்க நாங்களும் கேட்டுக்கிட்டிருக்கோம்” என்றார் முருகையன். பிறகு மருமகனிடம், “யாரு மாப்பிள்ளை இவரு?” என்றார்.

அன்பரசன் குணசேகரனைப் பார்த்தான். அவர் கையில் தாள் இருந்தது.

“ஆபீஸர் மாமா. துக்கத்துக்கு வந்திருக்காரு.”

முருகையன் அவருக்குக் கும்பிடு போட்டார். “எம் புள்ளைக்காக அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்கீங்க. பெரிய மனசுங்க. பெட்டி கனம், தகடு வச்சது. இளவட்டம் பூரா திருப்பூர்ல கிடக்கு, ஆள் பத்தல. வந்தது வந்துட்டீங்க, ஒரு பக்கம் தோள் குடுங்க.”

“இல்ல… நான் கரையிலேருந்தே பாத்துக்…”

“துக்கத்துக்கு வந்தவங்க கரையில நிக்கக்கூடாது சார்” என்றார் சமீர். அவர் ஏற்கெனவே கைலியை மடித்துக் கட்டியிருந்தார். “செருப்பைக் கழட்டுங்க.”

யாரோ குனிந்து அவர் செருப்பைக் கழற்றினார்கள். யாரோ தாளை வாங்கி ஜீப்பின் இருக்கையில் வைத்தார்கள். எல்லாம் மரியாதையாகவே நடந்தது. மொத்தக் காலனியும் பார்த்துக்கொண்டிருந்தது. குணசேகரன் சுற்றிலும் பார்த்தார். அந்தக் காலனித் தண்ணீரில் இறங்காமல் இருப்பதற்கு ஒரு விதியை அவர் தேடுவது முகத்தில் தெரிந்தது. கிடைக்கவில்லை.

முன்னால் அன்பரசனும் முருகையனும். நடுவில் சொந்தக்காரர்கள். கடைசியில் சமீரும் குணசேகரனும். பெட்டி தோளுக்கு ஏறியது. கரைச் சரிவில் கால் வழுக்கியது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, மார்பில் மோதியது. இழுப்பு பலமாக இருந்தது.

“ரொம்பக் குளிருதுங்க” என்று பின்னாலிருந்து குணசேகரனின் குரல் நடுங்கியது.

“புதுத்தண்ணி அப்படித்தாங்க இருக்கும்” என்றார் முருகையன், திரும்பாமல். “தூக்கிப் பிடிங்க. எம் பொண்ணு நனையக்கூடாது.”

குணசேகரன் தூக்கிப் பிடித்தார்.